16 வருஷ வேலை போன பிறகு: மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போனில் ஆறுதல் சொல்லலாம், விவரம் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனி மாறுகிறவர்களுக்கு வேலை போனால் என்ன செய்வதென்று ஓரளவு பழக்கம் இருக்கும். 16 வருஷம் ஒரே இடத்தில் இருந்தவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

பழகிய முகங்கள் வேலை முடிவதற்கான காகிதத்தை நீட்டும்போது மறுப்பது மரியாதையில்லை என்று தோன்றும். அந்தத் தாட்சண்யத்தில்தான் பலர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நீ இன்னும் போடவில்லை என்பது நல்லது. ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேள், நேரில் கேட்காதே. எழுத்தில் கேட்டால்தான் பதிலும் எழுத்தில் வரும்.

முதலில் பார்க்க வேண்டியது, அது ராஜினாமாக் கடிதமா, பணிநீக்க உத்தரவா என்பது. "ராஜினாமா என்று இருந்தால் உங்கள் ரெக்கார்டுக்கு நல்லது" என்பார்கள். அது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் நல்லது. தானாக விலகியவருக்குப் பல இடங்களில் இழப்பீடும் வேலையில்லாக் கால உதவியும் கிடைக்காது. கம்பெனிகள் ஆட்குறைப்பு செய்வது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை மறைக்க நீ பணத்தை விட வேண்டியதில்லை.

அடுத்து, இழப்பீட்டுக் கணக்கு. வருஷத்துக்கு இத்தனை நாள் சம்பளம் என்று எழுதியிருப்பார்கள். அந்தச் "சம்பளம்" அடிப்படைச் சம்பளமா, படிகள் எல்லாம் சேர்ந்ததா என்று கேள். தொகை பாதியாகக் குறைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 16 வருஷத்துக்கு மேல் இருக்கும் மாதங்களை முழு வருஷமாக எடுக்கிறார்களா, விட்டுவிடுகிறார்களா? நோட்டீஸ் காலச் சம்பளம் இதற்குள் அடக்கமா, தனியா? எடுக்காத விடுமுறைக்குப் பணம் உண்டா? இந்த வருஷம் வேலை செய்த மாதங்களுக்கு போனஸ் கணக்கிடுகிறார்களா? கம்பெனி பங்குகளைப் பொறுத்தவரை, உனக்கு இன்னும் உரிமையாகாதவை அநேகமாகப் போய்விடும். உரிமையான ஆப்ஷன்களை, அதாவது முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கும் வாய்ப்புகளை, பயன்படுத்துவதற்கு ஒரு கெடு இருக்கும். பல கம்பெனிகளில் அது கடைசி நாளிலிருந்து 90 நாள். அது தாண்டினால் வெறும் காகிதம்.

இழப்பீட்டுச் சூத்திரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும், அதை உனக்காக மட்டும் மாற்ற மாட்டார்கள். அதில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதே. அவர்கள் விட்டுக்கொடுக்கக்கூடியவை வேறு: கடைசி வேலை நாளைச் சில வாரம் தள்ளுவது, மருத்துவக் காப்பீட்டை நீட்டிப்பது, போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற ஷரத்தை நீக்குவது, நல்ல அனுபவச் சான்று. பங்கு உரிமையாகும் தேதியோ இன்னொரு முழுப் பணி வருஷம் நிறைவதோ பக்கத்தில் இருந்தால், பத்து நாள் தள்ளிப் போவதுகூட நிறையப் பணம். "இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்" என்ற பத்தி ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்காகவே, கையெழுத்துக்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் காட்டிவிடு. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இத்தனை வருஷத்தில் உனக்கே தெரியாமல் எத்தனையோ விஷயம் அந்த ஆபீஸோடு முடிச்சுப் போட்டிருக்கும். பாங்க், வரிக் கணக்கு, குழந்தைகள் பள்ளி எல்லாவற்றிலும் ஆபீஸ் மின்னஞ்சலோ ஆபீஸ் போன் எண்ணோதான் இருக்கிறதா என்று பார். ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) அந்த எண்ணுக்கு வருகிறது என்றால், எண் போன அன்று உன் பணத்தையே உன்னால் தொட முடியாது. லாகின் மூடுவதற்குள் மாற்று. சம்பளச் சீட்டுகள், வரிச் சான்றுகள், பதவி உயர்வுக் கடிதங்களை இறக்கி வைத்துக்கொள். ஆனால் வேலை சம்பந்தப்பட்ட ஒரு ஃபைலைக்கூட சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதே. இந்த நேரத்தில் அதைக் கண்காணிப்பார்கள், இழப்பீட்டை நிறுத்த நீயே காரணம் கொடுத்ததாகும்.

மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு முடிகிறதா, அந்த மாதக் கடைசி வரை உண்டா என்று கேள். தள்ளிப்போட்ட பரிசோதனைகளை அதற்குள் முடித்துவிடு. தனிப் பாலிசி எடுப்பதானால் இடைவெளி விழுவதற்கு முன் எடு. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் புதுப் பாலிசியில் காத்திருப்புக் காலம் வைப்பது வழக்கம்.

மொத்தமாக ஒரு தொகை வரும்போது பணக்காரியானது போல இருக்கும். வரி போக என்ன நிற்கிறதோ அதை மாதச் செலவால் வகுத்துப் பார். மாதச் செலவு 100, கையில் 900 என்றால் ஒன்பது மாதம். செலவை 75 ஆக்கினால் பன்னிரண்டு மாதம். ஆனால் முதல் நாலு மாதம் பழையபடி செலவழித்துவிட்டு அப்புறம் இறுக்கிப் பிடித்தால், மொத்தம் பதினோரு மாதம்கூட வராது. ஆகவே வெட்டுவதை இந்த மாதமே வெட்டு. வீட்டுக் கடனை மொத்தமாக அடைத்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். அடைத்த பணத்தை அவசரத்துக்குத் திருப்பி எடுக்க முடியாது, வேலையில்லாதவருக்குப் புதுக் கடனும் எளிதில் கிடைக்காது. தவணை தடுமாறும் போலிருந்தால், தவறுவதற்கு முன்பே பாங்கில் பேசு. தவறிய பிறகு பேசினால் நீ வாடிக்கையாளர் இல்லை, நிலுவைக்காரி. மாப்பிள்ளையிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டு. வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து ஒருவருக்குத் தெரியாமல் செலவைக் குறைக்க முடியாது.

ரெஸ்யூமே எழுதும்போது உன் கம்பெனிக்குள் மட்டும் புழங்கும் ப்ராஜெக்ட் பெயர், துறைச் சுருக்கம், பதவிப் பெயர் எல்லாம் தானாக வந்து விழும். வெளியாளுக்கு அவை எதுவும் புரியாது. எழுதியதை வேறு துறை ஆள் ஒருவரிடம் கொடுத்து, புரியாத இடத்தில் கோடு போடச் சொல். "ஏன் இத்தனை வருஷம் ஒரே இடம்?" என்று நிச்சயம் கேட்பார்கள். ஒரே வேலையை 16 முறை செய்தாயா, ஐந்து வெவ்வேறு வேலைகளைச் செய்தாயா என்பதுதான் அந்தக் கேள்வி. ரெஸ்யூமேயிலேயே ஒவ்வொரு பொறுப்பையும் தனி வேலை போலத் தேதி போட்டுப் பிரித்துவிடு.

வேலை தேட யாரிடம் போவது? உன் நண்பர்கள் பெரும்பாலும் அதே ஆபீஸ்தான். அவர்களும் இப்போது அதே காலியிடங்களைத்தான் தேடுகிறார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் சுமார் 17 சதவீதத்தினர்தான் அந்த நபரை அடிக்கடி பார்த்து வந்தவர்கள். மற்ற எல்லோருக்கும் எப்போதாவது அல்லது அரிதாகப் பார்க்கிற ஆட்கள் மூலம்தான் கிடைத்தது. உன் ஆபீஸிலிருந்து வருஷங்களுக்கு முன் விலகிப் போனவர்கள், பழைய வெண்டார்கள், வாடிக்கையாளர்கள்: இவர்கள் பட்டியலை முதலில் போடு. "வேலை இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்று முடிந்துவிடும். "உங்கள் பக்கம் நிலவரம் எப்படி, 20 நிமிஷம் பேசலாமா?" என்று கேள்.

இன்டர்வியூவில் பணிநீக்கம் பற்றி இரண்டு வாக்கியம் போதும்: பிரிவை மூடினார்கள், என் பதவியும் அதில் போனது. மூன்றாவது வாக்கியத்தில்தான் கசப்பு எட்டிப் பார்க்கும். 1994இல் வெளியான ஒரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. வேலையிழந்த பொறியாளர்களில் ஒரு குழு, வேலை போன வருத்தத்தைப் பற்றி ஐந்து நாள், தினம் 20 நிமிஷம் எழுதியது. அப்படி எழுதாதவர்களைவிட அவர்களில் அதிகம் பேருக்கு அடுத்த சில மாதங்களில் வேலை கிடைத்தது, இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவில்லை. கோபத்தைக் காகிதத்தில் இறக்கிவிட்டதால் அது இன்டர்வியூ அறைக்குள் வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். எழுதி, கிழித்துப் போடு.

நாள் முழுக்கத் தேடாதே. காலையில் நாலு மணி நேரம் போதும். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதே. 1930களில் ஆஸ்திரியாவின் மரியென்தால் என்ற ஊரில் ஆலை மூடிய பிறகு ஆய்வாளர்கள் அங்கே தங்கிக் கவனித்தார்கள். நேரம் நிறைய இருந்தும், நூலகக் கட்டணத்தை ரத்து செய்த பிறகும், அங்கே புத்தகம் எடுப்பது குறைந்தது; ஆண்களின் நடைகூட மெதுவானது. வேலை போனால் சம்பளத்தோடு நாளின் சட்டகமும் போய்விடுகிறது. தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், சமாளித்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் டாக்டரைப் பார்.

முதல் ஆஃபர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில்தான் வரும். கையில் ஆறு மாதத்துக்கு மேல் பணம் இருந்தால் தைரியமாக மறுக்கலாம். மூன்று மாதத்துக்குக் கீழே போய்விட்டால் ஒப்புக்கொண்டு சேர்ந்துவிடு, சேர்ந்தபடியே தேடு. இடைப்பட்ட நிலை என்றால் என்னைக் கூப்பிடு, உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
அப்பா