குடத்தளவு காவிரிக்காரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காவிரி என்றதும் எல்லோரும் டெல்டாவின் குறுவையைத்தான் பேசுகிறார்கள். பேசட்டும், நியாயம்தான். ஆனால் ராமநாதபுரம் கடலோரத்தில் இருக்கும் நாங்களும் குடத்தளவில் காவிரிக்காரர்கள்தான். திருச்சிப் பக்கம் எடுக்கும் தண்ணீர்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் இங்கே வருகிறது. எங்கள் தெருவில் கிணறு தோண்டினால் உப்புத்தான். குழாய் வராத நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட 1924 காவிரி ஒப்பந்தத்தின் 50 ஆண்டுக் கெடு 1974இல் முடிந்தது. அப்புறம் எத்தனை வழக்கு! 2007இல் காவிரி நடுவர் மன்றம் கர்நாடகத்தை ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் தரச் சொன்ன 192 டிஎம்சியை (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) உச்ச நீதிமன்றம் 2018இல் 177.25 ஆகக் குறைத்தது. குறைத்ததில் 4.75 டிஎம்சி பெங்களூரு குடிநீருக்காம். சரி, தாகம் எல்லோருக்கும் ஒன்றுதானே. அப்படியானால் மேட்டூரில் தண்ணீர் குறையும்போது எங்கள் குடிநீருக்கும் முதலில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பிரிக்க வேண்டும்.

வைகையிலும் இதே குறைதான். முல்லைப் பெரியாறுக்கு 1886இல் 999 ஆண்டுக் குத்தகை போட்டார்கள். அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து தேனி, மதுரை, சிவகங்கை தாண்டி எங்கள் பெரிய கண்மாய்க்கு வந்தாக வேண்டும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பில்லிகுண்டுலுவில் தினமும் அளப்பதுபோல, வைகை அணையில் எவ்வளவு திறந்தார்கள், கண்மாய்க்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அன்றன்றைக்கு நாளிதழில் வெளியிட்டால் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேவிபட்டினம்