மே மாதக் கடைசியில் வா, மகள்

அன்பு மகளுக்கு,

மாமா மாமியை நோர்வேக்கு, நம் பேர்கனுக்குக் கூட்டிவர நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அம்மாவும் நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தோம். ஜூலை நடுவில் நான்கு நாள். முதல் நாள் மீன் சந்தை, துறைமுகத்துப் பழைய மரவீட்டு வரிசையான பிரிக்கன், ஃப்ளோயன் மலை. இரண்டாம் நாள் விடியற்காலை ரயில், பிறகு கப்பல், பிறகு பஸ், இரவு திரும்பி வருதல். மூன்றாம் நாள் இன்னொரு ஃபியோர்ட், மலைகளுக்கு நடுவே நுழைந்த கடல். நான்காம் நாள் விமானம். பிள்ளை, உன் மாமாவுக்கு 72 வயது. மாமிக்கு முழங்கால் வருத்தம். கனடாவிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறவர்களை அஞ்சல் ஓட்டம் ஓட விடப் போகிறாயா?

ஃபியோர்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்று பார்க்கட்டும், போதும். மலையும் தண்ணீரும் எந்த மாதம் வந்தாலும் அங்கேதான் நிற்கும். ஆனால் பேர்கன் வாய் திறந்து பாடுவது மே மாதக் கடைசியில்தான். ஜூலையில் ஊர்க்காரர் எல்லோரும் கதவைப் பூட்டிவிட்டு மலைக் குடிலுக்குப் போய்விடுவார்கள், அது உனக்கே தெரியும். நாடக அரங்கு மூடியிருக்கும், இசைக்குழுவுக்கும் விடுமுறை. கப்பலில் வந்திறங்கிய சனம் மட்டும் பிரிக்கனில் ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, மழை. வருடத்துக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர் இது. 2006 முடிவில் தொடங்கி அடுத்த ஜனவரி வரை 85 நாள் ஒரு நாளும் தவறாமல் பெய்தது நினைவிருக்கிறதா? உன் சப்பாத்துக்குள் அம்மா பத்திரிகைத் தாள் திணித்துத் திணித்தே களைத்துப்போனார். வருடத்தில் மே மாதத்தில்தான் மழை ஆகக் குறைவு. பெய்யாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். பின்னேரம் போய் இரவு பத்து மணியான பிறகும் வெளிச்சம் இருக்கும், அதுமட்டும் நிச்சயம்.

அதனால் மே 16 வந்து இரண்டு கிழமை நில்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மே கடைசியில் ஃபெஸ்ட்ஸ்பில்லன தொடங்கும், பேர்கன் சர்வதேச விழா. 1953 முதல் நடக்கிறது. அதற்கும் முன்னோடி 1898-இல் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் இங்கே நடத்திய இசைவிழா. அப்போது அவர் உள்ளூர்க் குழு வேண்டாம், ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொன்செர்ட்கெபௌ இசைக்குழு வந்தால்தான் ஆயிற்று என்று நின்றாராம். ஊர்க்காரருக்குக் கோபம் வந்தது. மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் வாசிப்பைக் கேட்டபிறகு கோபித்தவர்களும் கை தட்டினார்கள். நம் ஊரில் கோயில் திருவிழாவுக்கு எந்த ஊர் நாதஸ்வரம் பிடிப்பது என்று நடக்கிற சண்டையை நினைத்துக்கொள்.

சரி, இதையெல்லாம் அப்பா எப்போது படித்தார் என்று நீ சிரிப்பாய். சிரி. உண்மையைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் நான் இந்த ஊரில் பஸ் ஓட்டினேன். பெரிய கச்சேரி மண்டபமான கிரீக்ஹாலன் வாசலில் எத்தனை ஆயிரம் பேரை இறக்கிவிட்டிருப்பேன்! மழைச் சப்பாத்தோடு ஏறுவார்கள், நல்ல சப்பாத்து ஒரு பையில் இருக்கும். உள்ளே போய் மாற்றிக்கொள்வார்களாம். இரவு பத்து மணிக்கு அதே ஆட்களை ஏற்றும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு கதைக்காத இந்தச் சனம் அன்றைக்கு மட்டும் கதைக்கும். உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். பிறகு அடுத்த தரிப்பு வந்துவிடும். யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. டிக்கெட்டுக்குக் காசும் இருந்தது. அது எங்கள் இடம் இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 1500 பேர் இருக்கக்கூடிய மண்டபம். 1978-இல் திறந்தது. 1986 யூரோவிஷன் பாட்டுப் போட்டியும் அங்கேதான் நடந்தது, நான் நோர்வேக்கு வருவதற்கு முந்தின வருடம். மேடையில் பேர்கன் பில்ஹார்மொனிக். இந்தக் குழு 1765-இல் தொடங்கியது. திருவாரூரில் தியாகராஜர் பிறந்தது 1767. அதற்கும் இரண்டு வருடம் முந்திய குழு, இன்றைக்கும் வாசித்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்குக் கிரீக்கின் பியானோ கொன்செர்ட்டோ, பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற மூன்று பகுதி இசை. 1868-இல், மனிதர் 25 வயதில் எழுதியது. முதல் பகுதி முடியும்போது அப்படியொரு முழக்கம். நான் கை தட்டிவிட்டேன். நான் மட்டும்தான். நிறைந்த பஸ்ஸில் ஹோர்ன் பொத்தான் இறுகி நின்றுவிட்டதுபோல் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்து மடியில் அழுத்தினார். மூன்று பகுதியும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். எனக்கு இன்னும் அது சரியாகப் படவில்லை. நல்லாயிருந்தால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டாமா? நம் கச்சேரியில் ஒரு நல்ல கோர்வைக்கு ஆள் "ஆகா" என்றால் பாடகருக்குத் தெம்பு வரும்.

உன் மாமாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வை. மார்கழியில் சென்னை போய் சபா சபாவாக ஏறி இறங்குகிறவர், தொடையில் தாளம் போடாமல் இருக்க மாட்டார். போடட்டும், சத்தமில்லாமல். பிந்தினால் கதவைச் சாத்திவிடுவார்கள், இடைவெளி வரும்வரை வெளியே நிற்க வேண்டியதுதான். மேலங்கியை வாசலில் கொழுவிவிட்டுப் போகலாம். கோட் சூட் கட்டாயமில்லை. மாமி காஞ்சிபுரம் உடுத்தினால் யாரும் விறைத்துப் பார்க்க மாட்டார்கள். "வடிவாயிருக்கிறது" என்று ஒரு கிழவியாவது வந்து சொல்லும்.

மாமாவை நான் கட்டாயம் கூட்டிப்போவது ட்ரோல்ட்ஹௌகன். கிரீக் 1885-இல் கட்டி, கடைசி 22 வருடம் கோடைக்காலத்தைக் கழித்த வீடு. நீ பள்ளிக்கூடத்தோடு போய் வந்து "ஒரு பழைய வீடு, அவ்வளவுதான்" என்றாய். உன்னைக் கச்சேரிக்கு யாரும் இருத்தவில்லைப்போலும். வீட்டுக்குப் பக்கத்தில் புல் முளைத்த கூரையோடு ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது, 200 இருக்கை. பியானோ வாசிப்பவருக்குப் பின்னால் சுவர் இல்லை, முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் ஏரிக்கரையில் கிரீக் இருந்து எழுதிய மரக்குடில். வாசிக்கிற பாட்டும் அது பிறந்த இடமும் ஒரே பார்வையில் தெரியும். கோடைக்காலத்தில் மத்தியானம் அரை மணி நேரக் கச்சேரி உண்டு. மாமியின் காலுக்கும் அரை மணிதான் அளவு. அந்தக் குடிலைப் பூட்டும்போது கிரீக் ஒரு துண்டு எழுதி வைப்பாராம்: உடைத்து வருகிறவர் இசைத் தாள்களை விட்டுவிட்டுப் போகட்டும், அவை எனக்கு மட்டும்தான் பெறுமதி என்று. தோட்டத்தில் அவருடைய ஆளுயரச் சிலை இருக்கிறது. பேரன் பக்கத்தில் நின்று அளக்கலாம். மனிதர் ஐந்தடிதான்.

ஹோப் தரிப்பில் இறங்கி நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம். மாமாவை பிபானன் என்கிற நகர ரயிலில்தான் கூட்டிப்போவேன், அம்மாவும் மாமியும் காரில் வரட்டும். ரயிலில் ஒவ்வொரு தரிப்புக்கும் ஒவ்வொரு சின்ன மெட்டு வைத்திருக்கிறார்கள். அதையும் மாமா கேட்க வேண்டும். பஸ்காரனுக்கு ரயிலைப் புகழ மனம் வராது. ஆனாலும் இதில் அவர்கள் வென்றுவிட்டார்கள்.

விழா நாட்களில் ஹோகோன் மண்டபத்திலும் கச்சேரி இருக்கும். கோட்டைக்குள் இருக்கிற அந்தக் கல் மண்டபம். 1261-இல் அரசனின் மகன் மக்னுஸுக்குக் கலியாணம் நடந்தது அங்கேதான். 1944-இல் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, கூரை எரிந்து சுவர் மட்டும் மிஞ்சி, பிறகு திரும்பக் கட்டியது. போன வருடம் அங்கே ஹார்டாங்கர் வயலின் கேட்டேன். பார்க்க நம் வயலின்தான், முத்துச்சிப்பி பதித்து அலங்கரித்திருக்கும். ஆனால் வில் படுகிற நான்கு தந்திக்குக் கீழே இன்னும் நான்கைந்து தந்தி ஓடும். அவற்றை யாரும் தொடுவதில்லை. மேல் தந்தி பாட, இவை தானாக அதிரும். தம்புராவை அடுத்த அறையில் வைத்து மீட்டினால் எப்படியோ அப்படி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு நிமிடம் எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரியவில்லை.

மருமகனுக்கு இதெல்லாம் நித்திரை வரும் என்றால் அவருக்கு நத்ஜாஸ் என்ற ஜாஸ் விழா இருக்கிறது. அதே நாட்களில், இரவில், வெர்ஃப்டெ கட்டடத்தில். அது முன்பு சாடின் மீன் தொழிற்சாலை. ஃபின்மார்க்கில் ரப்பர்ச் சப்பாத்தோடு நின்று மீன் வெட்டிய எனக்கு ஒரு மீன் ஆலைக்குள் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துப் போவது பெரிய பகிடியாக இருந்தது. உள்ளே போனதும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. ஜாஸ் எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. கடற்கரைப் பக்கம் இருந்து இரவு பதினொரு மணி வெளிச்சத்தில் கோப்பி குடித்தது பிடித்தது.

காசு செலவழிக்காமலும் பார்க்கலாம். விழாத் தொடக்கம் தோர்கல்மென்னிங்கன் சதுக்கத்தில், திறந்த வெளியில்தான். ஊலெ புல் சதுக்கத்து நீலக் கல்லடியில் நானும் அம்மாவும் காத்து நிற்போம். உன் சிநேகிதிகளும் நீயும் சந்திக்கிற கல்லடிதான், மறந்திருக்க மாட்டாய். அங்கிருந்து நாடக அரங்கைக் காட்டலாம். வயலின்காரர் ஊலெ புல் 1850-இல் தொடங்கிய அரங்கு. இப்போதைய கட்டடம் 1909. நாடகாசிரியர் இப்சன் 23 வயதில் அந்த அரங்கில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் நாடகத் தொழில் பழகினார். நாடகம் நோர்வே மொழியில் இருக்கும், அதனால் மாமா மாமிக்கு வெளியில் நின்று பார்த்தால் போதும்.

அப்புறம் மே 17, நோர்வேயின் தேசிய தினம். அதற்காகத்தான் 16 வரச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கே ஊர்வலம் தொடங்கிவிடும். பாரம்பரிய உடுப்பும் கொடியும் ஐஸ்கிரீமும், ஊர் முழுக்கச் சத்தமும். பேரன் பார்க்க வேண்டியது பூயகோர்ப்ஸ். ஒவ்வொரு தெருப்பக்கத்துப் பெடியன்களும் மரத் துப்பாக்கியும் பறையுமாக அணிவகுத்து வருவார்கள். பெரியவர்கள் யாரும் நடத்துவதில்லை. தலைவனும் பெடியன், வாளோடு வருகிற அதிகாரியும் பெடியன். 1850-களில் தொடங்கிய வழக்கம், நோர்வேயில் வேறு ஊரில் இப்படி இல்லை. வசந்தம் வந்தால் பின்னேரம் பின்னேரமாக அந்தப் பறைச் சத்தம் கேட்கும்.

நீ ஒன்பது வயதில் அதில் சேரக் கேட்டாய். பெண் பிள்ளைகளுக்கு என்று 1991-இலேயே தொடங்கியிருந்தார்கள். உன் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சேர்ந்துவிட்டாள் என்று அழுதாய். நான், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, நடன வகுப்பு இருக்கிறது, தெருவில் பறை அடித்துக்கொண்டு திரிய வேண்டாம் என்றேன். நேரம் மட்டும் காரணமில்லை, மகள். பறை என்றதும் என் தலைக்குள் இருந்த பழைய ஊர்க் குப்பையும் சேர்ந்துதான் பேசியது. அதை உன்னிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. இப்போதும் வசந்தத்தில் அந்தச் சத்தம் கேட்டால் யன்னலடிக்குப் போய் நிற்பேன். நீ மேசையில் இரண்டு கரண்டியால் அடித்துப் பழகியது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

டிசம்பரில் வரலாமா என்றும் கேட்டிருந்தாய். வரலாம், பெப்பர்காக்கெ ஊர் இருக்கும், இஞ்சி பிஸ்கட்டில் பிள்ளைகள் கட்டுகிற ஊர். உன் வகுப்புக் கட்டிய வீட்டில் நீ ஒட்டிய கோபுரம் இரண்டாம் நாளே சரிந்தது, ஞாபகமா? ஆனால் மூன்றரை மணிக்கு இருட்டிவிடும். மாமி இந்த ஊரைப் பற்றி அதையே ஆயுளுக்கும் சொல்லுவார். வேண்டாம்.

மே மாத விமான டிக்கெட்டை இந்தக் கிழமையே பார். விழா நாட்களில் இங்கே ஹோட்டல் அகப்படாது, எல்லோரும் நம் வீட்டில்தான் நிற்க வேண்டும். உன் அறையில் மாமா மாமி, கூடத்தில் நாங்கள். மாமாவுக்கு ட்ரோல்ட்ஹௌகன் டிக்கெட் நான் எடுத்துவிடுகிறேன், திகதியை மட்டும் எழுது. மாமி மீன் சாப்பிட மாட்டார் என்பதால் மீன் சந்தையில் அதிகம் மினக்கெட மாட்டோம். ஷில்லிங்ஸ்பொல்ல இருக்கிறது, கறுவா போட்ட பணிஸ், அது அவருக்குப் பிடிக்கும். வெங்காயம் உள்ளி சேர்ப்பாரா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

பேரனின் கால் அளவையும் அனுப்பு. மழைச் சப்பாத்து இங்கே வாங்கி வைக்கிறேன். இரண்டு கரண்டியும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா