மேல்மண்ணைத் தனியே குவிக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பக்கம் எரிவாயுக் குழாய்க்காக மறுபடியும் அளவுக்கல் நடுகிறார்கள். வருகிறவர்கள் இழப்பீடு பற்றிப் பேசுகிறார்கள், எவ்வளவு ஆழம் என்று சொல்கிறார்கள். சுற்றுச்சூழல் நிபுணர் யார், எப்போது வருவார் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. எனக்கு அந்த ஆள்தான் முக்கியம்.

சில வருஷத்துக்கு முன் ஒரு குழாய் எங்கள் கொல்லையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. மேலே ஒரு முழம் நல்ல செம்மண், கீழே சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல்மண். பொக்லைன்காரர் இரண்டையும் ஒரே மேடாக அள்ளிப்போட்டு, குழாயை இறக்கியதும் அப்படியே தள்ளி மூடிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மூடச் சொன்னார்கள், மூடினார். இன்றைக்கும் அந்தப் பட்டையில் மல்லாட்டை (நிலக்கடலை) செடி சாண் உயரம் வருவதில்லை. பிடுங்கினால் இரண்டு காய், அதுவும் பொக்கு.

அடுத்த கொல்லையில் வேலை நடந்த அன்றைக்குச் சுற்றுச்சூழல் படித்த ஒரு பெண் வந்தார். கடப்பாறையால் குழி போட்டு, மண் நிறம் மாறும் இடத்தை சூப்பர்வைசரிடம் காட்டினார். மேல்மண் இந்தப் பக்கம், கீழ்மண் அந்தப் பக்கம் என்று கயிறு கட்டினார். மூடும்போது சுக்கான் முதலில் போனது, செம்மண் மேலே வந்தது. அங்கே குழாய் போன தடமே இப்போது தெரியாது. அதே குழாய், அதே காண்ட்ராக்டர், நடுவில் ஒரு வரப்புதான்.

இவர்கள் பார்க்க வேண்டியது மண் மட்டுமல்ல. பாலாறு வருஷத்தில் பாதிக்கு மேல் வெறும் மணலாகக் கிடக்கும். அதைப் பார்த்து ஆற்றுக்கு அடியில் குழாய் போகும் ஆழத்தை முடிவு செய்தால் என்ன ஆகும்? 2021 நவம்பரில் வந்த வெள்ளம் எவ்வளவு மணலை அரித்துப் போனது என்பதைக் கரையில் இருந்தவர்கள் அறிவார்கள். அப்புறம், குழாய் தாங்குமா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுக்கிறார்கள். துருவும் சில நேரம் ரசாயனமும் கலந்த அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் ஏரி வரத்துக் கால்வாயில் திறந்துவிடக் கூடாது. தோல் ஆலைக் கழிவால் கிணறு கெட்டுப்போன மாவட்டம் இது. கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தில் அடங்கியது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே வேலூர் வழக்கில்தான்.

ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை, எண்ணெய், எரிவாயுக் குழாய் தேசியப் பூங்கா, சரணாலயம் போன்ற இடங்கள் வழியாகப் போனால்தான் முன் அனுமதி கேட்கிறது. எங்கள் கழனியும் கொல்லையும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கும் நிபுணரை நம்ப வேண்டியிருக்கிறது.

குழாய் பதிக்க நிலத்தில் உரிமை எடுக்கும் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சேபம் சொல்ல 21 நாள் உண்டு. அந்த நாட்களிலேயே நிபுணர் ஊருக்கு வந்து, எங்கே கால்வாய், எங்கே ஊற்று என்று எங்களோடு நடந்து பார்க்கட்டும். அவர் பெயரும் செல்போன் எண்ணும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்படட்டும். தப்பு நடந்தால் யாரையும் கேட்காமல் பொக்லைனை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி வந்து பார்ப்பதும் அவர் பொறுப்பாகட்டும். மாவட்ட நிர்வாகம் இதை வேலை தொடங்குமுன் செய்ய வேண்டும். அளவுக்கல் எங்கள் ஏரிக் கால்வாய்க் கரை வரை வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.