அம்மா பார்த்த பூநாரை

திருவொற்றியூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. இப்போது நன்றாகத் தெரிகிறதாம், பஸ் நம்பரைக்கூட எனக்கு முன்னால் படித்துவிடுகிறார். அந்தக் கண்ணுக்கு நல்லதாக எதையாவது காட்ட வேண்டும் என்று இன்று பழவேற்காடு ஏரிக்குக் கூட்டிப்போனேன். பொன்னேரி வரை ரயில், அப்புறம் பஸ்.

1980-லிருந்து அது பறவைகள் சரணாலயம். பக்கத்திலேயே இருந்தும் நாம் ஒருதடவைகூடப் போகவில்லை, பார்! படகில் ஏற எனக்கு மனம் வரவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் போனது மறக்குமா? கரையோரமாகவே நடந்தோம்.

தூரத்தில் தண்ணீர்மேல் வெள்ளையாக ஒரு கோடு. "உப்பு குமிச்சி வச்சிருக்காங்களா?" என்றார் அம்மா. எங்கோ ஒரு மோட்டார் படகு கிளம்பிய சத்தம் கேட்டதும் அந்தக் கோடு அப்படியே மேலே எழுந்தது. அத்தனையும் பூநாரைகள், ஃபிளமிங்கோ என்பார்களே, அவைதான். விரித்த இறக்கையில் செவ்வரளி நிறம், ஓரமெல்லாம் கறுப்பு. அம்மா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

கொஞ்சம் கிட்டத்தில் இறங்கிய நான்கைந்தை நின்று பார்த்தோம். பூநாரை தலையைக் கவிழ்த்துத்தான் மேய்கிறது. மேல் அலகு கீழே போய்விடுகிறது. காலால் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டே தண்ணீரை உறிஞ்சித் தள்ளுகிறது. அலகோரத்தில் சீப்பு மாதிரி இருப்பதில் பாசியும் பொடிப் பூச்சிகளும் தங்கிவிடும். அந்தச் சிவப்பே இந்தத் தீனியால் வருவதுதான்.

அதே சேற்றில் இருளர் பெண்கள் இருவர் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்தபடி, பிடித்ததை அதற்குள் போடுகிறார்கள். ஒருத்தர் கரையேறியதும் அம்மா பேச்சுக் கொடுத்தார். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்தால் கடல்தண்ணி உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது என்றார் அந்த அக்கா. பறவைக்கும் அவருக்கும் ஒரே சேறுதான் சோறு போடுகிறது, செல்வி. சரணாலயம் என்றால் பறவைக்கு மட்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திரும்பும்போது ரயில் எண்ணூர் கழிமுகத்தைத் தாண்டியது. உன் அப்பா நமக்கு நண்டு பிடித்துக் கொடுத்த இடம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்து, கூழைக்கடாக்கள் இறக்கை ஒட்டிப்போய்ப் பறக்க முடியாமல் நின்றதை நானே பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. அம்மா ஜன்னலை விட்டு நகராமல், "அங்க இருந்த தண்ணிதானே இதுவும்?" என்றார். ஆமாம், பக்கிங்காம் கால்வாய் இரண்டையும் சேர்த்துத்தான் ஓடுகிறது.

பொங்கல் லீவில் குழந்தைகளோடு வா. நேரே இங்கேயே வந்து தங்கிவிடு, விடியற்காலை கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிக்கலாம். சேற்றில் நடக்கப் பழைய செருப்பு எடுத்து வை. அம்மாவுக்கு ஒரு தொப்பி வேண்டுமாம், உன் ஊர்ச் சந்தையில் கிடைத்தால் வாங்கி வா.

அன்புடன்,
கலா