சுற்று நடைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நீண்ட நடைக்கு அழைத்துப் போகிறோம். பள்ளி வாசலில் புறப்பட்டு, காட்டுக்குள் ஏறி, மேட்டு விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாக இறங்கி, இரண்டு கிராமங்களைக் கடந்து மறுபடியும் பள்ளி வாசலுக்கே வந்து சேருவோம். மொத்தம் 10 கிலோமீட்டர். போன வழியில் திரும்பி வரமாட்டோம். களைத்தவர்கள் நடுவில் ஏறிக்கொள்ள வேனும் வராது.

விஷயம் கேள்விப்பட்ட சில பெற்றோர், "மேலே வரைக்கும் வண்டியிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமே சார், எதற்கு இவ்வளவு தூரம் நடத்த வேண்டும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வண்டியில் போனால் பள்ளத்தாக்கு தெரியும், படம் எடுக்கலாம், திரும்பிவிடலாம். ஆனால் காட்டில் ஊறிய தண்ணீர் எங்கே ஓடையாகிறது, அந்த ஓடையை ஒட்டி ஊர் எப்படி அமைந்தது, ஊரிலிருந்து வயலுக்குப் போகும் வழி ஏன் அப்படி வளைந்து போகிறது என்பதெல்லாம் காலால் கடந்து வந்தால்தான் ஒன்றோடு ஒன்று சேரும். ஒரு வருடமாக வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் புவியியலை ஒரே காலைப்பொழுதில் பிள்ளைகள் நடந்து கடக்கப் போகிறார்கள். அதனால்தான் சுற்று வழியைத் தேர்ந்தெடுத்தோம். போன வழியிலேயே திரும்பினால் பாதி தூரத்துக்கு மேல் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. சுற்றி வரும்போது கடைசித் திருப்பம் வரைக்கும் முன்னால் இருப்பது புது இடம்.

வழி காட்டப்போவது ஆசிரியர்கள் இல்லை, பிள்ளைகள். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் கையிலும் ஒரு வரைபடமும் ஒரு திசைகாட்டியும் கொடுக்கிறோம். ஒரு குழு கொஞ்ச தூரம் முன்னால் நடத்தும், அப்புறம் அடுத்த குழு. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, வரைபடத்தை நிலத்துக்கு ஏற்றபடி திருப்பிவைத்து, எந்தப் பக்கம் என்று அவர்களே முடிவெடுப்பார்கள். தவறான பக்கம் திரும்பினால் உடனே தடுக்கமாட்டோம். நூறு அடி போனதும் இடப்பக்கம் இருக்க வேண்டிய ஓடை வலப்பக்கம் கேட்கும். அவர்களே நின்றுவிடுவார்கள்.

இதற்கான தயாரிப்பு இப்போதே வகுப்பில் நடக்கிறது. நாங்கள் பயன்படுத்துவது 1:25,000 வரைபடம். அதில் 4 சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். போன வாரம் பிள்ளைகள் ஒரு தையல் நூலை எடுத்து, பாதையின் ஒவ்வொரு வளைவிலும் விரல் நுனியால் அழுத்தி அழுத்தி வரைபடத்தின்மேல் படிய வைத்தார்கள். சுற்று முடிந்த இடத்தில் வெட்டி, நூலை நீட்டி அளந்தால் 40 சென்டிமீட்டர். "அப்ப 10 கிலோமீட்டர்!" என்று வகுப்பே கத்தியது. பலகையில் எழுதிப் போட்டிருந்தால் அந்தச் சத்தம் வந்திருக்காது.

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளையும் இப்படித்தான் படிக்கிறார்கள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் இலேசான சரிவு என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த பாடம்தான் நடைக்கு உதவும். ஓடை இருக்கும் பள்ளத்தைத் தாண்டும்போது கோடு கூராக வளையும், அந்தக் கூர் ஓடை வரும் மேட்டுத் திசையைக் காட்டும். மலைமுதுகில் அதே கூர் கீழ்நோக்கி இருக்கும். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் வரைபடம் தட்டையாக இருக்காது, மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். 1774-ல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையைச் சுற்றி அளவெடுத்தார்கள், பூமியின் அடர்த்தியைக் கண்டுபிடிப்பதற்காக. அந்த ஆயிரக்கணக்கான அளவுகளை வைத்து மலையின் கன அளவைக் கணக்கிட உட்கார்ந்த கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன், ஒரே உயரமுள்ள புள்ளிகளையெல்லாம் கோட்டால் இணைத்துப் பார்த்தார். மலை வடிவம் அவருக்குத் தாளில் தெரிந்துவிட்டது. நம் பிள்ளைகள் அந்தக் கோடுகளை எண்ணித்தான் தாங்கள் ஏறப்போகும் உயரத்தைச் சொன்னார்கள்: 20 மீட்டர் இடைவெளியில் 15 கோடுகள், அதாவது 300 மீட்டர்.

நேரக் கணக்கையும் அவர்களே போட்டார்கள். 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றைக்கும் நடப்பவர்கள் கையில் இருக்கிறது. சமதளத்தில் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக அரை மணி நேரம். நம் வழிக்கு அது இரண்டரை மணி நேரம். ஆனால் அது நன்றாக நடந்து பழகிய பெரியவர்களின் வேகம், நின்று பார்ப்பதற்கு அதில் இடமே இல்லை. நாங்கள் அதை இரட்டிப்பாக்கி ஐந்து மணி நேரமாக வைத்திருக்கிறோம். சாப்பிடவும் உட்காரவும் இன்னும் ஒரு மணி நேரம். காலை 7 மணிக்குப் புறப்பட்டால் மதியம் 1 மணிக்குத் திரும்பிவிடுவோம். மெதுவாக நடக்கும் பிள்ளைகள் வரிசையில் முன்னால்தான் இருப்பார்கள், அவர்கள் வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

காட்டுக்குள் வழி தவறிவிடுவார்களோ என்ற கவலை உங்களுக்கு இருக்கும், இருக்கவும் வேண்டும். 2009-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். பழக்கமில்லாத அடர்ந்த காட்டில் ஆட்களை விட்டு, நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்த நாளில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள், தாங்கள் நேராகப் போவதாகவே நம்பிக்கொண்டு, வட்டம் போட்டு, தாங்கள் முன்பு கடந்த தடத்தையே மறுபடி கடந்தார்கள். கண்ணைக் கட்டி நடக்கவிட்டால் 20 மீட்டர் அகல வட்டத்துக்குள்ளேயே சுற்றியவர்களும் உண்டு. மனிதனின் திசை உணர்வு அவ்வளவுதான், வெளியிலிருந்து ஒரு அடையாளம் வேண்டும். அதனால் நடத்தும் குழுவுக்கு ஒரு விதி வைத்திருக்கிறோம்: அடுத்து வரப்போகும் அடையாளம் என்ன என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்துவைக்க வேண்டும். "அடுத்து ஒரு சிறு பாலம், அதைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும், நாம் இடது." பாலம் வராவிட்டால் நின்றுவிட வேண்டும்.

மேட்டு விளிம்புக்குக் கிட்டத்தட்ட ஒன்பதரைக்குப் போய்ச் சேருவோம். அந்த நேரத்தை வேண்டுமென்றேதான் வைத்தோம். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். காற்றில்லாத தெளிந்த இரவாக இருந்தால் அதில்தான் மூடுபனி பிடிக்கும். சீக்கிரம் போனால் கீழே வெறும் வெள்ளைதான். வெயில் ஏற ஏற அது விலகும், ஊர் ஒவ்வொன்றாக வெளியே வரும். விலகும் அந்த நேரத்தில் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அங்கே முக்கால் மணி நேரம் உட்காருகிறோம். அதில் முதல் பத்து நிமிடம் யாரும் எதுவும் விளக்கமாட்டோம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது? ஆற்றங்கரையிலேயே இல்லாமல் சற்று மேலே ஏன்? பாதிச் சரிவில் ஒரே உயரத்தில் வீடுகள் வரிசையாக ஏன்? தண்ணீரை உள்ளே விடும் பாறை மேலேயும் விடாத பாறை கீழேயும் இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் ஊற்று வெளியே வரும். ஊற்று வந்த இடத்தில்தான் மனிதர்கள் குடியேறினார்கள். வெள்ளம் எட்டாத உயரம், நல்ல வெயில் படும் சரிவு, உழுவதற்கு மிச்சம் விடப்பட்ட சமநிலம் என்று ஒவ்வொரு காரணமாக அவர்களே கண்டுபிடிப்பார்கள். பள்ளத்தாக்கு ஆற்றால் அறுபட்டுக் கூர்மையாக இருக்கிறதா, பனியாற்றால் தேய்ந்து அகலமான தொட்டி வடிவில் இருக்கிறதா என்பதையும் பாடப்புத்தகப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வோம்.

கண்ணாடி போட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கவைத்து, மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2015-ல் வந்த முடிவின்படி, கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். ஒரு நாள் நடையால் கண் சரியாகிவிடாது. ஆனாலும் வெளிச்சத்தில் இருக்கும் நேரம் பிள்ளைகளுக்குத் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கிராமங்களுக்குள் நுழையும்போது நாம் விருந்தாளிகள். நம் பாதை சில வீடுகளின் முற்றத்தை ஒட்டியும் வயல்களின் ஓரமாகவும் போகிறது. ஒற்றை வரிசையில் போக வேண்டும், பயிரை மிதிக்கக் கூடாது. திறந்திருந்த படல் திறந்தே இருக்கட்டும், மூடியிருந்ததைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். ஆடு மாடுகளுக்கும் அவற்றின் கன்றுக்கும் நடுவில் புகக் கூடாது. எதிரே வருபவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும், கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. போன வாரம் நாங்கள் அந்த வழியை நடந்து பார்த்தபோது இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் சந்தித்துச் சொல்லிவைத்திருக்கிறோம். இதை வீட்டிலும் ஒருமுறை பேசுங்கள், நீங்கள் சொன்னால் இன்னும் அழுத்தமாகப் பதியும்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். வரிசையின் முன்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் ஓர் ஆசிரியர், பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ணுவோம். ஒவ்வொரு குழுவிடமும் விசில் இருக்கும். ஆபத்து என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். கேட்டவர்கள் மூன்று முறை ஊதிப் பதில் சொல்ல வேண்டும். பல நாடுகளின் மலைகளில் வழங்கும் முறை இது. வானிலை முன்னறிவிப்பில் இடி என்று இருந்தால் புறப்படவே மாட்டோம். வழியில் மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 நொடிக்குக் குறைவாக இருந்தால், அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மேட்டைவிட்டு இறங்கி, அருகிலுள்ள கிராமத்துக் கட்டடத்துக்குள் போய்விடுவோம், தனி மரத்தடியில் நிற்கமாட்டோம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருவோம். அவசரத்துக்கு மட்டும் ஒரு வண்டி முதலுதவிப் பெட்டியோடு முதல் கிராமத்தில் நிற்கும்.

காலில் போடுவது பழகிய ஷூவாக இருக்கட்டும். புது ஷூ வேண்டவே வேண்டாம், கொப்புளம் அதில்தான் வரும். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி, தண்ணீர் இரண்டு பாட்டில், மதியச் சாப்பாடு, தொப்பி, மழைக்கோட்டு, முழுக்கால் உடை போதும். பையின் எடையைப் பிள்ளையே தூக்கிப் பார்த்து முடிவு செய்யட்டும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம், இடுப்பு மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எண்ணெயோ நெருப்போ வைக்காதீர்கள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை வலிக்கிறது என்பார்கள். ஏறியதைவிட இறங்கியதால் வரும் வலி அது. இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும்.

உங்களிடம் மனதார ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து நடுவழிக்கு வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், மேட்டுக்கு வண்டியில் வந்து காத்திருக்காதீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் எட்டாவது கிலோமீட்டரில் கால் வலிக்கும்போது, வீடு இன்னும் இரண்டு கிலோமீட்டர் என்று வரைபடத்தைப் பார்த்துத் தானே சொல்லிக்கொண்டு நடக்கும் பிள்ளையிடமிருந்து அந்த இரண்டு கிலோமீட்டரைப் பறிக்க வேண்டாம். கைப்பேசியும் கொடுத்தனுப்ப வேண்டாம், ஆசிரியர்களிடம் இருக்கிறது. மேட்டிலிருந்து ஒருமுறை, இரண்டாவது கிராமத்திலிருந்து ஒருமுறை வகுப்புக் குழுவுக்குத் தகவல் அனுப்புவோம்.

ஏற்றம் ஏற முடியாத பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். முதல் கிராமத்திலிருந்து பள்ளிவரை 3 கிலோமீட்டர் சமமான சாலை, சக்கர நாற்காலியும் போகும். அவர்கள் அங்கே எங்களோடு சேர்ந்துகொள்வார்கள், அங்கிருந்து வரைபடம் அவர்கள் கையில்தான். அவர்களை அங்கே கொண்டுவந்து விடுவதற்கு மட்டும் பெற்றோர் வண்டியில் வரலாம்.

ஆஸ்துமா, ஒவ்வாமை, தேனீக்கடியால் வரும் வீக்கம், தினசரி மருந்து எதுவாக இருந்தாலும் ஒப்புதல் படிவத்தின் பின்பக்கம் எழுதுங்கள். சிறியது என்று விட்டுவிடாதீர்கள். இன்ஹேலர் பள்ளியில் ஒன்று, பிள்ளையின் பையில் ஒன்று இருக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவம் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்துவிட வேண்டும். உடன் நடந்துவரக்கூடிய பெற்றோர் ஆறு பேர் தேவைப்படுகிறார்கள். வழியைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாமல் நடக்க முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்