ஆரஞ்ச் ஜூஸ் மாலைக்குத் தோள்கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

போன சனிக்கிழமை கிளாஸ்கோவில் நாம் கூடி, ஸ்காட்லாந்தின் பழைய இசைக்குழுவான ஆரஞ்ச் ஜூஸின் பாடல்களைக் கேட்டது நல்லபடியாக நடந்து முடிந்தது. "இவ்வளவு பழைய இசைத்தட்டெல்லாம் எங்கே கிடைத்தது? யார் கொடுத்தார்கள்?" என்று வந்தவர்களில் பலர் பிறகு கேட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் தெரியும்படி இங்கே எழுதிவிடுகிறேன். கூட நின்றவர்களை எடுத்துவிட்டால் இந்தக் குழுவின் கதையில் மிச்சம் அதிகம் இருக்காது. அதனால் 1980இல் உதவியவர்களும் போன வாரம் உதவியவர்களும் இந்த மடலில் கலந்தேதான் வருவார்கள்.

முதல் நன்றி எங்கள் மேல்மாடிப் பெரியவருக்கு. குழுவின் 'ப்ளூ பாய்' பாட்டு வெளிவந்தபோது அவர் கல்லூரி மாணவர். அப்போது வாங்கிய ஏழு அங்குலத் தட்டை வீடு மாறும்போதெல்லாம் கூடவே கொண்டுபோய் இன்றுவரை வைத்திருக்கிறார். அதைத் தயங்காமல் என் கையில் கொடுத்தார். அந்த உறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: அச்சடித்த தாளின் மேல் ஃபெல்ட் பேனாவால் கையாலேயே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஓர் ஓரத்தில் மை கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது, நடுவில் பேனா காய்ந்துபோய் நிறம் வெளிறியிருக்கிறது. குழுவினரும் நண்பர்களும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீட்டியவை இவை. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாத காலம் அது.

இந்தக் குழு கிளாஸ்கோவை ஒட்டிய பேர்ஸ்டனில் 1976இல் நூ-சோனிக்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. எட்வின் காலின்ஸ், ஜேம்ஸ் கிர்க், ஸ்டீவன் டேலி, பிறகு வந்து சேர்ந்த டேவிட் மெக்ளைமாண்ட். 1979இல் பெயர் ஆரஞ்ச் ஜூஸ் ஆனது. பங்க் இசை கொடுத்த துணிச்சலை எடுத்துக்கொண்டார்கள், அதன் முரட்டுத்தனம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அமெரிக்க ராக் குழுவான வெல்வெட் அண்டர்கிரவுண்டின் கரகரப்பையும் ஷீக் குழுவின் டிஸ்கோ கிதாரையும் ஒரே பாட்டில் வைத்தார்கள். வெட்கம், காதல் தோல்வி, தயக்கம் எல்லாவற்றையும் மறைக்காமல் பாடினார்கள். எட்வினின் ஆழ்ந்த குரல் சில இடங்களில் சுருதியை விட்டு விலகும். எனக்கு அந்த இடங்கள்தான் மிகவும் பிடிக்கும். பங்க்குக்கு அடுத்து வந்த போஸ்ட்-பங்க் இசை என்றாலே இருட்டும் இறுக்கமும் என்று நினைத்திருந்த பல பேர் சனிக்கிழமை ஆச்சரியப்பட்டதைப் பார்த்தேன்.

இரண்டாவது நன்றி, அவர் இதைப் படிக்கப் போவதில்லை என்றாலும், ஆலன் ஹார்னுக்கு. வெஸ்ட் பிரின்சஸ் ஸ்ட்ரீட், 185ஆம் எண் கட்டடத்தில் தன் வீட்டையே அலுவலகமாக்கிப் போஸ்ட்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தை (லேபிளை) நடத்தியவர். கையில் காசு இல்லை, வாயில் அடக்கமும் இல்லை. 'இளம் ஸ்காட்லாந்தின் ஓசை' என்று அமெரிக்க லேபிளான மோட்டவுனின் முழக்கத்தை மாற்றித் தன் லேபிளுக்கு வைத்துக்கொண்டார். முத்திரைச் சின்னமாக மேளம் அடிக்கும் பூனை. 1980இன் தொடக்கத்தில் முதல் தட்டு 'ஃபாலிங் அண்ட் லாஃபிங்' ஆயிரத்துக்கும் குறைவான பிரதிகளே அச்சானது. அதை எடுத்துக்கொண்டு எட்வினோடு லண்டனுக்குக் காரில் போய், பிபிசிக்கே சென்று வானொலித் தொகுப்பாளர் ஜான் பீலைப் பிடித்து, நீங்கள் காலத்தைத் தவறவிடுகிறீர்கள் என்கிற மாதிரி பேசியிருக்கிறார். பீல் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் குழுவைக் கூப்பிட்டுத் தன் நிகழ்ச்சிக்காகப் பதிவும் செய்தார். அவருக்கும் நன்றி. எடின்பரோவின் ஜோசப் கே, ஈஸ்ட் கில்பிரைடின் ஆஸ்டெக் கேமரா, ஆஸ்திரேலியாவின் கோ-பிட்வீன்ஸ் என்ற குழுக்கள் எல்லாமே அந்த ஒரு வீட்டின் வழியாக வெளியே தெரிந்தவை.

அதற்குப் பிறகு நடந்தது வேகமானது. 1981இல் பாலிடார் கம்பெனி, 1982 பிப்ரவரியில் முதல் ஆல்பம். ஆல்பம் வந்த சூட்டோடு சூடாக ஜேம்ஸ் கிர்க்கும் ஸ்டீவன் டேலியும் குழுவில் இல்லை. ஜேம்ஸ் கிர்க்கைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிப் பேசியதை சிலர் கவனித்திருப்பீர்கள். 'ஃபெலிசிட்டி' அவர் எழுதிய பாட்டு. பின்னாளில் வெட்டிங் பிரசண்ட் குழு அதை எடுத்துப் பாடியது. அவர் வெளியே போனபோது குழுவின் ஒரு பக்கத்துக் காது போய்விட்டது என்றே நான் நம்புகிறேன். பல வருடம் ஓசையில்லாமல் இருந்துவிட்டு 2003இல் தனியாக ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். கையிலிருந்த அந்தத் தட்டைத் தபாலில் அனுப்பி, தபால் செலவைக்கூட வாங்க மறுத்த எடின்பரோ நண்பருக்கு என் அன்பு.

ஜோசப் கே குழுவிலிருந்து மால்கம் ராஸ் கிதாருக்கு வந்தார். ஜிம்பாப்வேயில் பிறந்த ஸீக் மனிகா டிரம்ஸுக்கு வந்தார். 'ரிப் இட் அப்' 1983இல் பிரிட்டிஷ் தரவரிசையில் 8ஆம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டின் பேஸ் ஓசை ரோலண்ட் டிபி-303 என்ற சின்னப் பெட்டியிலிருந்து வருவது. ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையைச் செய்தவர்கள் அந்தப் பெட்டியைக் கொண்டாடத் தொடங்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். அந்த ஓசை அறையில் பரவியபோது பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஆடியது எனக்குப் பெரிய சந்தோஷம். பேஸ் இரையாமல், குரல் அமுங்காமல் ஒலியைச் சரிசெய்து வைத்த பத்தாம் வகுப்புத் தம்பிக்கு, நீ செய்தது சின்ன வேலை இல்லை, கண்ணா.

எட்டாம் இடத்துக்குப் பிறகு அப்படி இன்னொரு வெற்றி வரவில்லை. ஆல்பங்கள் சரியாக விற்கவில்லை, கம்பெனிக்கு ஆர்வம் குறைந்தது, உள்ளுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை. கடைசி ஆல்பம் வந்தபோது மிஞ்சியது எட்வினும் ஸீக்கும் மட்டும். தயாரிப்பாளர் டென்னிஸ் போவெல் அந்த இருவரோடு உட்கார்ந்து வேலை செய்தார். யாருமே சீந்தாத அந்த ஆல்பத்தை இப்போது கேட்டால் எவ்வளவு அழகாக இருக்கிறது! 1985 ஜனவரியில் லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில், வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக நடந்த நிதி நிகழ்ச்சியோடு ஆரஞ்ச் ஜூஸ் முடிந்தது.

முடிந்த குழு எப்படித் திரும்பி வந்தது என்பதற்குத்தான் சனிக்கிழமை அதிக நேரம் ஒதுக்கியிருந்தேன். போஸ்ட்கார்டுக்காக 1981இல் பதிவு செய்து வெளிவராமலே போன பாடல்களை, 1992இல் ஹார்ன் லேபிளுக்கு மறுபடி உயிர்கொடுத்து 'ஆஸ்ட்ரிச் சர்ச்யார்ட்' என்ற பெயரில் வெளியிட்டார். பாலிடார் ஆல்பத்தின் பளபளப்பைவிட இந்தப் பதிவுகள்தான் என் காதுக்கு உயிருள்ளவை. இதற்கு எதிராக அன்று வாதிட்ட அண்ணனுக்கும் நன்றி, அவர் வாதத்தால்தான் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். 2004இல் கிளாஸ்கோவின் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் உலகம் முழுக்கப் பேர் வாங்கியபோது, இந்தக் கிதாரின் வேர் எங்கே என்று பலரும் பின்னோக்கித் தேடினார்கள். மறுவருடம் டொமினோ நிறுவனம் போஸ்ட்கார்ட் காலப் பாடல்களைத் திரட்டி 'தி கிளாஸ்கோ ஸ்கூல்' வெளியிட்டது. 2010இல் 'கோல்ஸ் டு நியூகாஸில்' என்று மொத்தப் பதிவுகளையும் ஒரே பெட்டியில் கொடுத்தது. பழைய டேப்புகளைத் தேடி எடுத்துத் துடைத்துச் சரிபார்த்த, பெயர் தெரியாத அந்த ஆட்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் அந்த 2005 பிப்ரவரியில்தான் எட்வினுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. ஆறு மாதம் மருத்துவமனை. வலது கை செயலிழந்தது. பேச்சு போய்விட்டது. 'ஆம்', 'இல்லை', மனைவியின் பெயரான 'கிரேஸ் மேக்ஸ்வெல்', 'வாய்ப்புகளுக்கு முடிவே இல்லை' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம். தொடக்கத்தில் வாயில் வந்தவை இவ்வளவுதான்.

இந்த இடத்தை நான் பேசவில்லை. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கும் நம் தங்கை பேசினாள். இரவுப் பணி முடிந்து வந்தும் முகம் சுளிக்கவில்லை. பக்கவாதம் போன்றவற்றால் வரும் பேச்சிழப்பான அஃபேசியா அறிவைக் கொண்டுபோவதில்லை, சொல் இருக்கும் இடத்துக்குப் போகிற வழியைத்தான் மறிக்கிறது என்று அவள் சொன்னபோது அறையில் சத்தமே இல்லை. வாய்விட்டு ஒரு வாக்கியம் பேச முடியாத சிலருக்குப் பாட்டின் வரி மட்டும் முழுசாக வரும் என்பதையும் விளக்கினாள். பக்கவாதம் வந்த கணவரோடு வந்திருந்த அக்கா, நிகழ்ச்சி முடிந்ததும் அவளோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். தங்கையே, அந்த ஒரு பேச்சுக்காகவே இந்த மாலையை நடத்தியிருக்கலாம்.

கிரேஸ் மேக்ஸ்வெல்லுக்கு எப்படி நன்றி சொல்வது? அவர் எட்வினின் மனைவி, மேலாளரும்கூட. எழுத்து, பேச்சு, நடை எல்லாவற்றையும் கூட இருந்து மறுபடி கற்க வைத்தார். இளவயதில் எட்வின் கிளாஸ்கோ பூங்காத் துறைக்குப் படம் வரைந்து கொடுத்தவர். நோய்க்குப் பிறகு இடது கையால் பறவைகளை வரையத் தொடங்கினார், நாளுக்கு ஒன்றாக. முதல் பறவை ஒரு வாத்து வகை. கோடு நடுங்கும், ஆனால் பறவை பறவையாகவே இருக்கும். பாட்டுக்கும் ஒரு வழி கண்டார்கள்: எட்வின் இடது கையால் கிதாரின் கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிப்பார், கிரேஸ் பக்கத்தில் உட்கார்ந்து தந்திகளை மீட்டுவார். இரண்டு பேர், ஒரு கிதார். அந்தக் காட்சியை விவரித்தபோது என் குரல் கொஞ்சம் இடறியது, பொறுத்துக் கேட்டீர்கள்.

2007 நவம்பரில் லண்டனில் எட்வின் மறுபடி மேடையேறினார். பக்கத்தில் கிதார் வாசித்தவர் ஆஸ்டெக் கேமராவின் ராடி ஃபிரேம், அந்தப் பழைய போஸ்ட்கார்ட் தம்பி. 2010இல் வந்த 'லூசிங் ஸ்லீப்' ஆல்பத்தில் ஸ்மித்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஜானி மார், ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் ஆட்கள் என்று அவரைக் கேட்டு வளர்ந்தவர்களே வந்து உடன் எழுதினார்கள். இப்போது ஸ்காட்லாந்தின் வடக்கே ஹெல்ம்ஸ்டேலில் சொந்த ஸ்டூடியோ வைத்திருக்கிறார். 2019இலும் 2025இலும் புது ஆல்பங்கள் வந்துவிட்டன.

மிச்சமுள்ள நன்றிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டர்ன்டேபிளைக் கொண்டுவந்து புது ஊசியும் மாட்டித் தந்த இசைத்தட்டுக் கடைத் தம்பிக்கு. மழையில் வந்தவர்கள் நனையாமல் நிற்க முன்கூட்டியே கதவைத் திறந்துவிட்ட மண்டபக் காவலருக்கு. வடையும் டீயும் குறையாமல் பார்த்துக்கொண்ட அம்மாக்களுக்கு. நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கடைசியாகப் போன மூன்று மாணவர்களுக்கு.

உண்டியலில் சேர்ந்த தொகை முழுவதும் பக்கவாதம் வந்தவர்களுக்கான பேச்சுப் பயிற்சிக் குழு ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரவல் வாங்கிய தட்டுகள் எல்லாம் உரியவர்களிடம் திரும்பிவிட்டன. பெரியவரின் 'ப்ளூ பாய்' புது பிளாஸ்டிக் உறையோடு.

அடுத்த மாலை ஜோசப் கே. ஒரே ஆல்பம் போட்டுவிட்டு 1981இலேயே கலைந்த குழு. அவர்களுடைய தட்டு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
கேட்பு மாலை நண்பர்கள் சார்பில்