அப்பாவின் காலைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். ஓட்டேரியிலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு இந்த ஆவணியில் எழுபது வயது நிறைகிறது. நெடுங்காலமாகச் சர்க்கரை நோயோடு வாழ்பவர். காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். கொரோனாக் காலத்தை அவர் தாண்டி வந்ததற்குக் காரணமானவர்களில் பலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த நன்றியைப் பொதுவில் சொல்கிறேன்.

2020இல் சென்னையில் தொற்று வேகமெடுத்த மண்டலங்களில் எங்கள் ஓட்டேரி அடங்கிய திரு.வி.க. நகரும் ஒன்று. மாலைதோறும் வெளியான இறப்புப் பட்டியலில் வயதும், அதன் பக்கத்தில் பெரும்பாலும் 'நீரிழிவு' என்ற சொல்லும் இருக்கும். அப்பா அதைக் கடைசி வரி வரை கேட்பார். கிருமி எங்கள் வீட்டுக்குள் வர ஓராண்டு ஆனது. ஊரடங்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. நடைப்பயிற்சி, காய்கறி, மாதாந்தரப் பரிசோதனை என்று சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்த எல்லாமே ஒன்றாக நின்றுபோயின.

தெருமுனை மருந்துக்கடை அண்ணனுக்கு முதல் நன்றி. இன்சுலின் வரத்து தடுமாறிய வாரங்களில் அப்பாவுக்கென்று ஒரு குப்பியைத் தனியே எடுத்து வைத்திருப்பார். அக்னி நட்சத்திர வெயிலில் அதைக் காகிதத்தில் சுற்றி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். குப்பி ஐஸைத் தொடவே கூடாது, உறைந்துபோன இன்சுலின் வீண் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

மாடி வீட்டு அக்கா, ரேஷனில் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த சர்க்கரையையும் அரிசியில் பாதியையும் வாங்கிக்கொண்டு கேழ்வரகு மாவும் பச்சைப் பயறும் கொடுத்தார். மே 5 அன்று கோயம்பேடு சந்தையை மூடிய பிறகு, காய் கிடைத்த நாளிலெல்லாம் முதல் பங்கு எங்களுக்குத்தான் வந்தது.

அப்பாவின் காலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பூங்காவைப் பூட்டிவிட்டதால் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்தார். சென்னையின் மே மாதத்தில் மாடித் தரை சாயங்காலம்கூடச் சுடும். ஆண்டுக்கணக்கான சர்க்கரை நரம்புகளைப் பாதித்திருந்ததால் அந்தச் சூடு அவருக்கு உறைக்கவில்லை. உள்ளங்காலில் கொப்புளம் வந்ததும் தெரியவில்லை, உடைந்ததும் தெரியவில்லை. மாடிப்படியில் இருந்த ஈரத் தடத்தைப் பார்த்து அவரை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தவர், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா. பெருவிரலின் அடியில் சீழ் கோத்திருந்தது.

நாங்கள் வழக்கமாகப் போகும் இடத்தில் புறநோயாளிகள் பிரிவு மூடியிருந்தது. செவிலியர் அம்மா காலைதோறும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, சலைன் ஊற்றிப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். கட்டு மாற்றும்போது என் மகனின் பள்ளிக்கூட அடிக்கோலைப் புண்ணின் பக்கத்தில் பிடித்து என்னைப் படம் எடுக்கச் சொல்வார். அளவு குறைகிறதா என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டுமே! அந்த மருத்துவர் வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்து, இரவு எத்தனை மணியானாலும் பதில் சொன்னார். மருந்தை மாற்றினார். காலை ஊன்றக் கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகப் பேசினார். ஜூன் 19 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு. அந்த நாட்களில் அழுகிய தோலை நீக்க நேரில் வரச் சொன்னபோது, வழியில் எத்தனை தடுப்புகள் இருந்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று வந்து நின்ற ஆட்டோக்காரத் தம்பி காசு வாங்கவே இல்லை. இப்படிப்பட்ட புண்ணைக் காட்ட வழியில்லாமல் அந்த மாதங்களில் விரலையும் பாதத்தையும் இழந்தவர்கள் உண்டு. என் அப்பா இன்று இரண்டு காலாலும் நடக்கிறார். கொரோனா தொற்றாமலே ஒருவரை அந்தக் கொள்ளைநோய் முடக்கிவிட முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்து எது வந்தாலும், சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் புண் பார்க்கும் இடத்தையாவது மூடாதீர்கள் என்று பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

2021 மே மாதம் அப்பாவுக்குத் தொற்று வந்தது. வீடு வீடாக வந்த மாநகராட்சிக் களப்பணியாளர் பெண், ஆக்சிமீட்டரில் 91 என்று கண்டதும் ஆம்புலன்ஸ் வரும்வரை வாசலை விட்டு நகரவில்லை. அரசு மருத்துவமனையில் ஆக்சிஜனோடு ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். நுரையீரலைக் காக்க அது தேவை. ஆனால் அது சர்க்கரையை ஏற்றிவிடும், காய்ச்சலும் ஏற்றிவிடும். அப்பாவுக்கு 400ஐத் தாண்டியது. கவச உடைக்குள் வேர்த்து நனைந்தபடி, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் விரலில் குத்திப் பார்த்து, இன்சுலின் அளவைக் கூட்டியும் குறைத்தும் போட்ட சிஸ்டர்களே, அவரை எங்களிடம் திருப்பிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். கருப்புப் பூஞ்சை பற்றி ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சர்க்கரை ஏறியிருந்த உடம்பில் ஸ்டீராய்டும் சேர்ந்தால் அந்தப் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பயிற்சி மருத்துவர், முகத்தில் ஒரு பக்கம் வலியோ வீக்கமோ வந்தாலும், மூக்கிலிருந்து கறுப்பாக நீர் வந்தாலும், பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, டார்ச் அடித்துத் தினமும் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

உங்களில் சிலரைக் கவச உடைக்குள் கண்களாக மட்டுமே அப்பா பார்த்திருக்கிறார். பிறந்தநாளன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. இதைப் படிப்பவர் அந்தக் களப்பணியாளராகவோ, சிஸ்டராகவோ, ஆட்டோக்காரத் தம்பியாகவோ இருந்தால் கட்டாயம் வாருங்கள். மருந்துக்கடை அண்ணனிடம் கேட்டால் வீட்டைக் காட்டுவார்.

நன்றியுடன்,
ஓட்டேரியிலிருந்து ஒரு மகள்